வட்டி இல்லாத பணம்

அப்பாவுக்கு 55 வயது நிறைந்த வாரம் எங்கள் வீட்டில் கேக் வெட்டவில்லை. கணக்குப் பார்த்தோம்.

டெங்கில், தாமான் பெர்மாத்தா. இந்தப் பெயரைச் சொன்னாலே மூத்த வாசகர்களுக்கு மீதிக் கதை தெரிந்திருக்கும். புத்ராஜெயா எழும்புவதற்கு முன் அங்கே பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்தன. மரங்கள் போய் அமைச்சுக் கட்டடங்கள் வந்தபோது, லயங்களில் இருந்த குடும்பங்கள் இந்த அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. என் தாத்தா, பாட்டியும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் உழைத்தும் சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாதவர்கள். அப்படிப்பட்ட வீடுகளில் ஊழியர் சேமநிதிப் பணம் என்பது வெறும் பணம் இல்லை. வந்த அறிக்கையை அப்பா சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தார். 120,000 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் நீண்ட காலம் லோரி ஓட்டியவர். தொழிற்சாலை மூடியபின் பழைய வேன் ஒன்றை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். அன்று இரவு பசியாறிய தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“பாப்பா, சேமநிதியிலேருந்து அறுபதாயிரம் வெள்ளி எடுக்கிறேன். இன்னொரு வேன் வாங்குவோம். தம்பி ஓட்டட்டும். பேங்குக்குப் போக வேணாம், யாருக்கும் வட்டி கட்ட வேணாம். நம்ம சொந்தப் பணம். வர்றதெல்லாம் லாபம்தான்.”

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அவர் எழுதி வைத்திருந்த கணக்கு இது. இரண்டு நடையாக 22 பிள்ளைகள், தலைக்கு மாதம் 130 ரிங்கிட், ஆண்டுக்கு 11 மாதம் கட்டணம்: 31,460. டீசல், டயர், பழுதுபார்ப்பு, காப்புறுதி, சாலை வரி, பெர்மிட், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புஸ்பாகோம் சோதனை எல்லாம் சேர்த்து 13,460 செலவு. மிச்சம் 18,000. போடுவது 60,000, வருவது வருடத்துக்கு 18,000. நூற்றுக்கு 30.

“சேமநிதி இந்த வருசம் எவ்வளவு அறிவிச்சான்?” என்று கேட்டார். 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு.

“ஆறு எங்கே, முப்பது எங்கே? நீதான் கணக்குப் படிச்சவ. சரியா இருக்கா பாரு.”

கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை புத்ராஜெயா சென்ட்ரலில் எம்ஆர்டி ஏறி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகும்போதுதான் பிடிபட்டது. காரணம் என் காதில் பேசிக்கொண்டிருந்த வாத்தியார்.

அவர் பெயர் அஸ்வத் தாமோதரன். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் நிதித்துறைப் பேராசிரியர். என்னை அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு ஆண்டுகளாக நான் அவருடைய மாணவி.

தாமோதரன் 1957இல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் பி.காம். படித்தார். அங்கிருந்து பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகம். பிறகு அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1981இல் எம்பிஏ, 1985இல் நிதித்துறையில் முனைவர் பட்டம். முனைவர் பட்டத்தை முடிப்பதற்கு முன்பே, 1984இல், பெர்க்லியில் வருகைதரு விரிவுரையாளராகப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். அடுத்த ஆண்டே அங்கே சிறந்த ஆசிரியர் விருது கிடைத்தது. 1986இல் நியூயார்க் வந்தவர் இன்று வரை அதே பள்ளியில்தான் இருக்கிறார். வால் ஸ்திரீட்டில் அவரை ‘மதிப்பீட்டுக் கலையின் டீன்’ என்று அழைக்கிறார்கள். அவரோ தம் இணையப் பக்கத்தில் தம்மை முதலில் ஓர் ஆசிரியர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பட்டியல் இத்தோடு போதும். பட்டமும் விருதும் உள்ள பேராசிரியர்கள் உலகத்தில் நிறையப் பேர். இவரிடம் வித்தியாசம் என்னவென்றால், வகுப்புக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். ஸ்டெர்னில் எம்பிஏ படிக்க ஆகும் கட்டணத்தில் டெங்கிலில் ஒரு வீடு வாங்கிவிடலாம். ஆனால் அதே வகுப்பின் காணொளிகள், பாடக்குறிப்புகள், கணக்குத் தாள்கள், பழைய தேர்வுத் தாள்கள், அவற்றுக்கான விடைகள் எல்லாவற்றையும் தம் பக்கத்திலும் யூடியூபிலும் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஜனவரியிலும் உலக நாடுகள் ஒவ்வொன்றிலும் முதலீடு செய்ய எவ்வளவு கூடுதல் அபாய ஈடு கேட்க வேண்டும் என்ற அட்டவணையைப் புதுப்பித்து வெளியிடுகிறார். அதில் மலேசியாவுக்கும் ஒரு வரி உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பட்டச் சான்றிதழ் மட்டும் கிடைக்காது.

நான் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் நிதிப் பாடம் படித்தவள். சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். நல்ல மதிப்பெண். மூன்று மாதம் கழித்துக் கேட்டிருந்தால் ஒன்றும் ஞாபகம் இருந்திருக்காது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அலுவலக அக்கா ஒருவர்தான், “ரயில்ல போன் நோண்டுற நேரத்துக்கு இதைக் கேளு” என்று இணைப்பை அனுப்பி வைத்தார். ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம், போக ஒரு வகுப்பு, வர ஒரு வகுப்பு. வேகமாகத்தான் பேசுவார். ஆனால் கரும்பலகைக்காகப் பேசுவதில்லை, எதிரில் இருப்பவருக்காகப் பேசுகிறார். நிறுவன நிதியியல் என்றால் கோட் சூட் போட்டவர்கள் பேசும் விஷயம் என்ற எண்ணத்தை முதல் வகுப்பிலேயே உடைத்துவிடுகிறார். பணம் சம்பந்தப்பட்ட எந்த வணிக முடிவும் நிறுவன நிதியியல்தான் என்கிறார். அப்படியானால் அப்பாவின் நாட்காட்டித் தாளும் அதில் அடக்கம்.

அந்தப் பாடம் முழுவதையும் மூன்று கேள்விகளில் அடக்கிவிடுகிறார். பணத்தை எதில் போடுவது? அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டுவருவது, எவ்வளவு சொந்தம், எவ்வளவு கடன்? வந்த லாபத்தில் எவ்வளவை முதலாளி கையில் திருப்பிக் கொடுப்பது? இந்த மூன்றையும் டிஸ்னி, டாட்டா மோட்டார்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களை வைத்துப் பருவம் முழுக்க அலசுவார். மாணவர்களும் ஆளுக்கொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, வாரா வாரம் கற்றதை அதிலே போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே ஒரு சின்னக் கடையும் வரும். புக்ஸ்கேப் என்று அவர் கற்பனையாகப் பெயர் வைத்திருக்கும் நியூயார்க் புத்தகக் கடை. தனி ஒருவருக்குச் சொந்தமானது, பங்குச் சந்தையில் இல்லாதது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான். டிஸ்னியின் பங்கு வைத்திருப்பவர் வேறு நூறு நிறுவனங்களின் பங்கையும் வைத்திருப்பார். ஒன்று சரிந்தால் இன்னொன்று தாங்கும். புத்தகக் கடைக்காரருக்கு அப்படி இல்லை. அவருடைய முழுப் பணமும் ஒரே கடையில் இருக்கிறது. எதிர்ச் சாரியில் இன்னொரு கடை வந்தால் அவர் கதை முடிந்தது. ஆகவே அவர் தம் பணத்துக்குக் கேட்க வேண்டிய வருமானம் டிஸ்னியின் பங்குதாரர் கேட்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே காட்டுவார்.

அன்று காலை ரயில் சுங்கை பீசி தாண்டும்போது எனக்குப் பளிச்சென்று உறைத்தது இதுதான். அப்பா சொன்ன “வட்டி இல்லாத பணம்” என்ற ஒன்று கிடையாது. சொந்தப் பணத்துக்கும் விலை உண்டு. பேங்க் மாதா மாதம் கடிதம் அனுப்புவதால் கடனின் விலை நமக்குத் தெரிகிறது. சொந்தப் பணம் கடிதம் அனுப்புவதில்லை, அவ்வளவுதான். சேமநிதியிலிருந்து 60,000 எடுத்தால், சும்மா இருந்தால் கிடைத்திருக்கும் 6.30 விழுக்காட்டை அந்த வேன் முதலில் ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேல், வேன் பழுதாகலாம், பிள்ளைகள் குறையலாம் என்ற அபாயத்துக்கும் ஒரு கூலி வேண்டும். சேமநிதிக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடாவது தர வேண்டும் என்ற சட்ட உத்தரவாதம் இருக்கிறது. வேனுக்கு எந்தச் சட்டமும் இல்லை. இந்த இரண்டையும் கூட்டி வருவதைத்தான் பாடத்தில் தாண்ட வேண்டிய குறைந்தபட்ச விகிதம் என்கிறார்கள். எங்கள் வேனுக்கு நான் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டேன். இது கல்வெட்டு இல்லை, என் மதிப்பீடு. இன்னொருவர் 12 என்று வைத்தாலும் சண்டை போட மாட்டேன். சுழியம் என்று வைத்தால்தான் போடுவேன்.

ஆனால் அப்பாவின் கணக்கில் 30 இருக்கிறதே? பத்தை அது அலட்சியமாகத் தாண்டிவிடுமே? அன்று மாலை உட்கார்ந்து அந்தத் தாளை மறுபடி பிரித்தேன்.

முதல் ஓட்டை, தம்பி. அவனுக்குச் சம்பளம் எழுதவே இல்லை. “வீட்டுப் பையன்தானே” என்றார் அம்மா. வீட்டுப் பையன்தான். ஆனால் அந்த நேரத்தில் வெளியே வேலை பார்த்தால் அவனுக்குச் சம்பளம் கிடைக்கும். அதை விட்டுவிட்டு வேன் ஓட்டினால், அவன் விட்ட சம்பளமும் வேனின் செலவுதான். நம் குடும்ப வியாபாரங்களில் பாதி இப்படித்தான் லாபம் காட்டுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். அம்மா சமைக்கிறார், மகள் கல்லாவில் இருக்கிறாள், தம்பி டெலிவரி எடுத்துப் போகிறான், யாருக்கும் சம்பளம் இல்லை, கடை ‘நல்லாப் போகுது’. காலையும் மதியமும் மட்டும் ஓட்டுவதற்கு மாதம் 800 என்று குறைவாகவே போட்டேன். ஆண்டுக்கு 9,600. மிச்சம் 18,000 இல்லை, 8,400.

இரண்டாவது ஓட்டை, வேன் தேயும். ஆறு ஆண்டு கழித்து விற்றால் 18,000 கிடைக்கும் என்று அப்பாவே சொன்னார். அப்படியானால் போட்ட 60,000இல் 42,000 சாலையிலேயே கரைந்துவிடும். வேன் போடும் பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன்பே அதை லாபம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

இந்த இரண்டையும் சேர்த்து, இன்றைய ஒரு வெள்ளி ஆறு ஆண்டு கழித்து வரும் ஒரு வெள்ளிக்குச் சமம் இல்லை என்பதையும் கணக்கில் கொண்டு, வாத்தியாரின் கணக்குத் தாளைப் பார்த்துக் கற்ற முறையில் போட்டுப் பார்த்தேன். இன்று 60,000 போகிறது. ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 8,400 வருகிறது. கடைசியில் 18,000. இதன் உண்மையான வருமான விகிதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.2 விழுக்காடு.

முப்பது மூன்றாகிவிட்டது. சேமநிதி சும்மா இருந்தால் தருவதில் பாதி.

கணினியைத் திருப்பி அப்பாவிடம் காட்டினேன். இன்று நினைத்தால், கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். “புரோக்கருக்கு ஐந்நூறு வெள்ளி முன்பணம் கொடுத்துட்டேனே” என்றார். நான் அதற்கும் பாடத்திலிருந்து பதில் வைத்திருந்தேன்: கொடுத்தது கொடுத்ததுதான், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது திரும்பி வராது, ஆகவே முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது. சரியான பதில்தான். ஆனால் லோரி ஓட்டிச் சேர்த்த மனிதரிடம் ஐந்நூறு வெள்ளியை “கணக்கில் சேராது” என்று மகள் சொன்னால் எப்படி இருக்கும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அப்பா எழுந்து போய்விட்டார். நான்கு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. “படிக்க வெச்சது அவரைத் தோக்கடிக்கவா?” என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தது எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான்.

அந்த நான்கு நாளில் நான் வாத்தியாரின் இன்னொரு கதையைத் திரும்ப ஞாபகப்படுத்திக்கொண்டேன். 2014 ஜூனில் ஊபர் நிறுவனத்தை முதலீட்டாளர்கள் 17 பில்லியன் டாலர் என்று மதிப்பிட்டுப் பணம் போட்டார்கள். தாமோதரன் உட்கார்ந்து கணக்குப் போட்டு, என் கணக்கில் இது ஏறத்தாழ 5.9 பில்லியன்தான் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதினார். ஊபர் என்பது நகரங்களின் டாக்சித் தொழிலில் பங்கு பிடிக்கும் நிறுவனம் என்பது அவர் எடுத்துக்கொண்ட கதை. அந்தச் சந்தை உலகம் முழுக்க 100 பில்லியன் டாலர், அதில் பத்தில் ஒரு பங்கு ஊபருக்கு.

அடுத்த மாதமே ஊபரின் ஆரம்பகால முதலீட்டாளர்களில் ஒருவரான பில் கர்லி பதில் எழுதினார். வாத்தியார் ஒரு மைல் தூரம் தவறவிட்டுவிட்டார் என்பதே தலைப்பின் சாரம். சூத்திரத்தில் தவறு என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் இன்றுள்ள டாக்சிச் சந்தையைப் பார்க்கிறீர்கள், ஊபர் வந்தால் காடி வைத்திருப்பவர்களே காடியை விட்டுவிட்டு இதில் ஏறுவார்கள், சந்தையே பெரிதாகும் என்றார்.

தாமோதரன் கோபப்படவில்லை. கர்லியின் கதையை எடுத்துக்கொண்டு, அந்தக் கதைக்கு ஏற்ற எண்களைத் தாமே போட்டு, மதிப்பு பல மடங்கு கூடுவதைத் தாமே காட்டினார். 2017இல் வெளியான ‘நெரேட்டிவ் அண்ட் நம்பர்ஸ்’ என்ற நூலில் தம் தவறையும் சேர்த்தே எழுதி வைத்தார். எண்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கதை சின்னதாக இருந்தால் எண்ணும் சின்னதாகத்தான் வரும் என்பது அந்த நூலின் அடிப்படை. ஊபர் 2019 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு ஏறத்தாழ 82 பில்லியன் டாலர்.

வகுப்பில் தம் தவறை இப்படிப் பெயர் போட்டுச் சொல்கிற ஆசிரியரை நான் படித்த காலத்தில் பார்த்ததில்லை. அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பங்குச் சந்தையில் அவர் மலிவு என்று சொன்னது மேலும் சரிந்ததும் உண்டு. தம் கணக்குத் தாளைத் திறந்து வைத்துவிடுவதால், எங்கே தவறினார் என்று யாரும் பார்க்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

ஐந்தாம் நாள் இரவு அப்பா வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கையில் புதிய நாட்காட்டித் தாள்.

“உன் கணக்குல காலை ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் வேன் சும்மா நிக்குது. ஏன் நிக்குது?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“காலைப் பள்ளிக்கு விட்டுட்டு, மதியப் பள்ளிக்கு ஏத்துற வரைக்கும் மூணு மணி நேரம். சைபர்ஜெயா பக்கம் ஓர் ஆபீஸ்ல துப்புரவு வேலை பார்க்கிறவங்களை ஷிப்ட் மாத்தணும், காடி இல்லேன்னு தேடிக்கிட்டு இருந்தாங்க. நாலு நாளா அதுக்குத்தான் அலைஞ்சேன். மாசம் எழுநூறு வெள்ளி தர்றேங்கிறாங்க.”

நான்கு நாள் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அலைந்துகொண்டிருந்தார்.

ஒரு மாதம் ஓடாது என்று வைத்து 700ஐ 11ஆல் பெருக்கினோம். 7,700. கூடுதல் டீசல் 2,000. “தம்பிக்கு?” என்று அப்பாவே கேட்டார். அவனுக்கு ஆண்டுக்கு இன்னும் 1,400. மிச்சம் 4,300 கூடுகிறது. 8,400 என்பது 12,700 ஆனது. கணினியில் போட்டேன். 12.7 விழுக்காடு. அதே வேன், அதே சூத்திரம். என் கதையில் வேன் பள்ளிக்கூட வேன். அப்பாவின் கதையில் அது நாள் முழுக்க உழைக்கும் காடி. முப்பது ஆண்டு ஸ்டீயரிங் பிடித்தவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பணம் போடலாம் என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி, எந்தப் பணம்? பேங்கில் விசாரித்தபோது 4 விழுக்காடு என்றார்கள். அப்பா உடனே துள்ளினார். “சேமநிதி ஆறு தருது, பேங்க் நாலுதான் கேக்குது. அப்போ முழுசும் கடனே வாங்கிடலாமே!” முதல் வாரம் கடனே கூடாது என்றவர்.

இங்கே வாசகர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் வழுக்கி விழும் இடம் இது. அந்த 4 விழுக்காடு சமவீத வட்டி. 30,000 கடனுக்கு ஐந்து ஆண்டுக்கு வட்டி 6,000. மொத்தம் 36,000, மாதம் 600. நாம் மாதா மாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். கடைசி ஆண்டில் கையில் இருக்கும் கடன் கொஞ்சம்தான். ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழு 30,000க்கும் ஐந்து ஆண்டும் போடப்படுகிறது. குறைந்துவரும் அசலுக்கு ஏற்பக் கணக்கிட்டால் அந்த 4 உண்மையில் 7.4 விழுக்காடு. சேமநிதியைவிடக் கூடுதல்.

இருந்தும் பாதி கடன், பாதி சேமநிதி என்று முடிவு செய்தோம். வாத்தியார் பார்த்தால் புருவத்தை உயர்த்துவார் என்று நினைக்கிறேன். எங்கள் காரணம் லாபம் இல்லை. அப்பாவுக்கு 55 வயதில் எடுத்த பணம் போனால் மறுபடி சேர்க்க இன்னொரு முப்பது ஆண்டு கிடையாது. நாளைக்கு ஓர் அறுவை சிகிச்சை என்றால் வேனின் பின்சக்கரத்தை விற்க முடியாது. கையிருப்பாக இன்னொரு 30,000 இருக்கட்டும் என்பதற்காக ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம். என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறோம். முழுவதும் கடன் வாங்காததற்கும் காரணம் உண்டு. பள்ளி விடுமுறை மாதத்தில் கட்டணம் வராது, ஆனால் பேங்க் கேட்கும். 600 என்றால் சமாளிக்கலாம். 1,200 என்றால் அந்த மாதம் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும்.

மூன்றாவது கேள்வியில்தான் எங்கள் வீட்டில் உண்மையான சண்டை நடந்தது. கடன் தவணை போக ஆண்டுக்கு 5,500 மிஞ்சும். அப்பாவுக்கு அதைச் சேர்த்து வைத்து மூன்றாவது வேன் வாங்க ஆசை. தம்பிக்கு வேனுக்கு நல்ல ஒலிபெருக்கி வைக்க ஆசை. பத்து விழுக்காட்டைத் தாண்டும் புது வேலை வணிகத்துக்குள் இல்லையென்றால் பணத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பாடம் சொல்கிறது. “உரியவர் யாரு?” என்று அம்மா கேட்டார். எல்லாரும் அமைதியானோம். மாதம் 200 ரிங்கிட் அப்பாவின் சேமநிதிக்கே சுய சந்தாவாகத் திரும்பப் போகிறது. மீதி அம்மா கையில். அதில் அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டின் முதல் லாப ஈவு அறிவிப்பு அதுதான்.

வேன் வந்து சில மாதங்கள் ஆகின்றன. வெள்ளை நிறம், முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஆபீஸ் நடை ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் 22 பிள்ளைகள் சேரவில்லை, 20தான். இரண்டு பிள்ளை குறைந்தால் ஆண்டுக்கு 2,860 குறைகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கணினியில் அந்த எண்ணை மாற்றிப் போட்டேன். 12.7 என்று இருந்தது ஏறத்தாழ 6.5க்கு இறங்கி நின்றது. சேமநிதியின் 6.30க்குத் தலைமயிர் அளவு மேலே, நான் வைத்த பத்துக்குக் கீழே. இரண்டே பிள்ளைகளில் ஒரு வணிகத்தின் தலையெழுத்து இவ்வளவு மாறும் என்று எனக்கே வியப்பாக இருந்தது. வெறும் தொகையைப் பார்த்தால் தெரியாது, விகிதமாகப் பார்த்தால்தான் தெரிகிறது.

அப்பாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு காட்டிவிட்டேன். இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இதுல எந்த இடம் பிள்ளைங்க எண்ணிக்கை?” என்று கேட்டார். காட்டினேன். ஒற்றை விரலால் 20ஐ அழித்து 21 என்று தட்டினார். எண் ஏறியது. 22 என்று தட்டினார். இன்னும் ஏறியது. சிரித்துவிட்டு மறுபடி 20 என்றே தட்டி வைத்தார்.

“பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது வீட்டு வரிசையில ரெண்டு வீட்ல வெளக்கு எரியுது. வாசல்ல சின்ன சப்பாத்து கெடந்துச்சு” என்றார். “நாளைக்குக் காலைல போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.”